வீட்டு ஸ்டோரேஜ் சர்வரும் 10ஜி இணைப்பும்: செலவு பார்த்துச் செய்வோருக்கான கேள்வி பதில்

வீட்டில் ஒரு ஸ்டோரேஜ் சர்வர் (ஃபைல்களை எல்லாம் ஒரே இடத்தில் வைக்கும் கம்ப்யூட்டர்), அதற்கும் வேலை செய்யும் கம்ப்யூட்டருக்கும் நடுவே 10 ஜிகாபிட் இணைப்பு. இரண்டையும் கையைக் கடிக்காமல் அமைக்க நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. கணக்குக்கு வசதியாக ஒரு வேலையை மனதில் வைத்துக்கொள்வோம்: மூன்று கேமராவில் எடுத்த கல்யாண வீடியோ, மொத்தம் 500 ஜிபி, சர்வருக்குப் போய்ச் சேர வேண்டும். விலையை எண்ணாகச் சொல்லவில்லை. பழைய உதிரிகளின் விலை கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறுகிறது. எதற்கு அதிகம் ஒதுக்குவது, எதில் மிச்சம் பிடிப்பது என்பது அப்படி மாறுவதில்லை.

எனக்கு உண்மையிலேயே 10ஜி தேவையா?

அந்த 500 ஜிபியை வைத்தே பார்க்கலாம். சாதாரண ஜிகாபிட்டில் நடைமுறையில் நொடிக்கு 112 எம்பி போகும். ஒன்றேகால் மணி நேரம் ஆகும். 2.5ஜியில் நொடிக்கு 280 எம்பி, அரை மணி நேரம். 10ஜிக்கு இரண்டு பதில் உண்டு. மறுமுனையில் நான்கு ஹார்ட் டிஸ்க் இருந்தால் நொடிக்கு 400 முதல் 500 எம்பி, அதாவது 17 முதல் 21 நிமிடம். இரு முனையிலும் நல்ல என்விஎம்இ எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேக டிஸ்க்) இருந்தால் நொடிக்கு 1,100 எம்பி, எட்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

ஆக, டிஸ்க் தாங்கும் வேகத்துக்கு மேல் நெட்வொர்க் எதையும் தராது. டிவியில் படம் பார்க்கத்தான் சர்வர் என்றால் ஜிகாபிட்டே தாராளம். 4கே ப்ளூ-ரே டிஸ்க்கின் உச்ச வேகமே நொடிக்கு 128 மெகாபிட்தான். இரண்டு மதர்போர்டிலும் ஏற்கெனவே 2.5ஜி போர்ட் இருந்தால் முதலில் அதைக் கேபிள் போட்டு இணைத்துப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதுவே போதும். சர்வரில் இருக்கும் ஃபைலைக் காப்பி செய்யாமல் அங்கேயே வைத்து எடிட் செய்பவர்களுக்கும், நூற்றுக்கணக்கான ஜிபியைத் தினமும் நகர்த்துபவர்களுக்கும்தான் 10ஜி.

பணத்தை எந்த வரிசையில் போடுவது?

டிஸ்க், பேக்கப் டிஸ்க், யுபிஎஸ், மெமரி, கடைசியில் நெட்வொர்க். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: பளபளவென்று எட்டு போர்ட் ஸ்விட்சை வாங்கிவிட்டு, டிஸ்க்கில் கை வைத்து மிச்சம் பிடிப்பார்கள். பழைய 10ஜி கார்டு இரண்டும் ஒரு கேபிளும் சேர்ந்து பெரும்பாலும் ஒரு புதிய 8 டிபி டிஸ்க்கின் விலையைத் தொடாது. இந்தத் திட்டத்திலேயே மலிவான பகுதி அந்த இணைப்புதான்.

சர்வருக்கு எந்தக் கம்ப்யூட்டர் வாங்கலாம்?

ஆபீஸ்களிலிருந்து கழித்துக்கட்டிய டவர் மாடல்கள், இன்டெல் 6ஆம் தலைமுறை முதல் 8ஆம் தலைமுறை ஐ5 உள்ளவை, இதற்கு நன்றாகப் பொருந்தும். சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் இவை கிடைக்கும். வாங்கும் முன் மூடியைக் கழற்றச் சொல்லி மூன்றைப் பாருங்கள்.

ஒன்று, 3.5 அங்குல டிஸ்க் எத்தனை வைக்க முடியும். ஒல்லியான டெஸ்க்டாப் பெட்டிகளில் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் அடங்கும். இரண்டு, பிசிஐஇ ஸ்லாட்டுகள், அதாவது கூடுதல் கார்டு செருகும் இடங்கள். நெட்வொர்க் கார்டுக்கு ஒன்று, பின்னால் சாட்டா கார்டு (டிஸ்க் இணைக்கும் போர்ட்டுகளைக் கூட்டுவது) தேவைப்பட்டால் இன்னொன்று. நெட்வொர்க் கார்டை நீளமான எக்ஸ்16 ஸ்லாட்டிலேயே (எக்ஸுக்குப் பின் வரும் எண், லேன் என்னும் தரவுப் பாதைகளின் எண்ணிக்கை) போடலாம். சர்வருக்குக் கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். மூன்று, பவர் சப்ளை. பெரிய பிராண்டுகளின் ஆபீஸ் மாடல்களில் கனெக்டரும் அளவும் அவர்களுக்கே உரியவை. அது எரிந்துபோனால் கடையில் கிடைக்கும் சாதாரண ஏடிஎக்ஸ் சப்ளை நேரடியாகப் பொருந்தாது. டிஸ்க் ஒவ்வொன்றும் சுழல ஆரம்பிக்கும் அந்தச் சில நொடிகளில் 12 வோல்ட் பக்கம் 2 ஆம்பியர் வரை இழுக்கும். நான்கு டிஸ்க் என்றால் அதற்கே கிட்டத்தட்ட 100 வாட். 180 வாட் சப்ளையில் நான்கு வரை ஓட்டலாம், எட்டுக்கு ஆசைப்படக் கூடாது.

இன்டெல் என்100 போட்ட சின்ன போர்டுகள் மின்சாரத்தில் சிக்கனம். ஆனால் அந்தச் சிப்பில் மொத்தமே 9 பிசிஐஇ 3.0 லேன்தான். ஆறு சாட்டா, நான்கு 2.5ஜி போர்ட் எல்லாம் அதிலிருந்தே பிரிந்து போகும். மிச்சமிருக்கும் ஸ்லாட் பல போர்டுகளில் எக்ஸ்1 மட்டுமே. 2.5ஜி சர்வருக்கு அருமை, பழைய 10ஜி கார்டு செருக ஒத்துவராது. பழைய ரேக் சர்வரைச் சல்லிசாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், முதலில் அதைப் போட்டுக் காட்டச் சொல்லிச் சத்தத்தைக் கேளுங்கள்.

டிஸ்க் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

சிஎம்ஆரா, எஸ்எம்ஆரா என்பதை. இவை தரவை டிஸ்க்கில் எழுதும் இரண்டு முறைகள். சிஎம்ஆரில் தடங்கள் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆர் டிஸ்க்கில் தடங்கள் ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒரு தடத்தை மாற்ற அடுத்தடுத்த தடங்களையும் திருப்பி எழுத வேண்டும். தினசரிப் பயன்பாட்டில் இது தெரியாது. ஒரு டிஸ்க் செத்து, புது டிஸ்க்கில் தரவை மீண்டும் நிரப்பும்போதுதான் தெரியும்: மணிக்கணக்கில் முடிய வேண்டியது நாட்கணக்கில் இழுக்கும், சில நேரம் பாதியிலேயே டிஸ்க்கை ஜெட்எஃப்எஸ் (சர்வரில் பல டிஸ்க்கைச் சேர்த்து நிர்வகிக்கும் ஃபைல் சிஸ்டம்) வெளியே தள்ளிவிடும். நாஸுக்கு, அதாவது ஸ்டோரேஜ் சர்வருக்கு என்று விற்ற டபிள்யூடி ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது 2020இல் வெளியானபோது பெரிய சர்ச்சையானது. அதன்பின் ரெட் பிளஸ் என்ற பெயரில் சிஎம்ஆர் தனியாகப் பிரிந்தது. சீகேட்டில் ஐயன்வுல்ஃப் சிஎம்ஆர், பாராகூடாவின் 3.5 அங்குல 2, 4, 8 டிபி டெஸ்க்டாப் மாடல்கள் எஸ்எம்ஆர். பெட்டியில் இருக்கும் படத்தை நம்பாமல் மாடல் எண்ணை நிறுவனத்தின் பட்டியலில் தேடிப் பாருங்கள்.

பழைய டிஸ்க் வாங்கலாமா?

வாங்கலாம், சோதிக்கப் பொறுமை இருந்தால். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 5, 197, 198 ஆகிய மூன்று வரிகளின் மூல எண் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். ஓடிய மணிக்கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். 2025 தொடக்கத்தில், நன்றாக ஓடிய சீகேட் எக்ஸோஸ் டிஸ்க்குகள் மணிக்கணக்கு அழிக்கப்பட்டுப் புதியவை என்று சந்தையில் விற்கப்பட்டது ஜெர்மனியில் அம்பலமானது. சீகேட் டிஸ்க்கில் ஃபார்ம் என்ற இன்னொரு பதிவு உள்ளே இருக்கும், ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற மென்பொருளின் 7.4 முதலான பதிப்புகளால் அதைப் படிக்க முடியும். இரண்டு கணக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பிறகு பேட்பிளாக்ஸ் என்ற லினக்ஸ் கருவியின் சோதனை. நான்கு வடிவங்களை எழுதி, ஒவ்வொன்றையும் படித்துச் சரிபார்க்கும். மொத்தம் எட்டு சுற்று. 8 டிபி டிஸ்க்குக்கு ஒரு சுற்றே 12 மணி நேரத்துக்கு மேல் என்பதால் நான்கு நாளுக்கும் கூடுதலாக ஓடும். பிளாக் அளவை 4096 என்று கொடுக்காவிட்டால் பெரிய டிஸ்க்கில் ஆரம்பத்திலேயே பிழை காட்டி நிற்கும். இந்தச் சோதனை டிஸ்க்கில் இருப்பதை எல்லாம் அழித்துவிடும். டிஸ்க்கின் பெயரை இருமுறை பார்த்துவிட்டு என்டர் தட்டுங்கள்.

நான்கு டிஸ்க்கை எப்படி அடுக்குவது? மிரரா, ரெய்டு-ஜெட்டா?

நான்கு 8 டிபி டிஸ்க் என்று வைப்போம். இரண்டு இரண்டாக மிரர் (ஒரே தரவை இரண்டு டிஸ்க்கிலும் எழுதுவது) போட்டால் 16 டிபி கிடைக்கும். ரெய்டு-ஜெட் என்பது தரவோடு மீட்புத் தகவலையும் எல்லா டிஸ்க்கிலும் பரப்பி எழுதும் ஜெட்எஃப்எஸ் முறை. ரெய்டு-ஜெட்1 என்றால் 24 டிபி, ஒரு டிஸ்க் போனால் தாங்கும். ரெய்டு-ஜெட்2 என்றால் மீண்டும் 16 டிபி, எந்த இரண்டு போனாலும் தாங்கும். மிரரில் இரண்டு டிஸ்க் போய், அவை ஒரே ஜோடியாக அமைந்துவிட்டால் எல்லாமே போச்சு. கம்ப்யூட்டர் 1,024ஆல் எண்ணுவதால் 8 டிபி என்பது திரையில் 7.28 என்று தெரியும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டதாக நினைக்க வேண்டாம்.

வீடியோ வேலைக்கு, தனியாக நல்ல பேக்கப் இருக்கிறது என்றால், நான்கு டிஸ்க் ரெய்டு-ஜெட்1 நியாயமான தேர்வு. பெரிய ஃபைல்களில் மூன்று டிஸ்க்கின் வேகம் கிடைக்கும். பேக்கப் அரைகுறை என்றால் ரெய்டு-ஜெட்2. மிரரின் பலம் வேறு: சிறு ஃபைல்களில் சுறுசுறுப்பு, இரண்டு டிஸ்க் வாங்கியே விரிவாக்கும் வசதி, டிஸ்க் மாற்றினால் சீக்கிரம் நிரம்புவது. ரெய்டு-ஜெட்டில் டிஸ்க்கை ஒவ்வொன்றாகச் சேர்க்கும் வசதி 2025 ஜனவரியில் வந்த ஓபன்ஜெட்எஃப்எஸ் 2.3இல் கிடைத்தது. ஆனால் ஏற்கெனவே எழுதிய ஃபைல்கள் பழைய விகிதத்திலேயே கிடக்கும்; திருப்பி எழுதினால்தான் அந்த இடம் மிச்சமாகும்.

வீடியோ வைக்கும் டேட்டாசெட்டுக்கு (ஜெட்எஃப்எஸ்ஸில் தனி அமைப்புகளோடு பிரித்த பகுதி) ரெக்கார்டு அளவு 1 எம்பி, சுருக்கம் எல்ஜெட்4, அணுகிய நேரத்தைப் பதிவது வேண்டாம். இந்த மூன்றையும் முதல் நாளே வைத்துவிடுங்கள். ரெக்கார்டு அளவும் சுருக்கமும் அதன்பின் எழுதும் ஃபைலுக்குத்தான் பொருந்தும்.

மதர்போர்டில் சாட்டா போர்ட் போதவில்லை. எந்தக் கார்டு?

ஐந்தாறு டிஸ்க்குக்கு ஏஎஸ்எம்1166 சிப் உள்ள சாட்டா கார்டு போதும். எட்டு டிஸ்க்குக்கு எல்எஸ்ஐ 9211-8ஐ அல்லது 9207-8ஐ. எல்எஸ்ஐ கார்டு ஐடி மோடில், அதாவது டிஸ்க்குகளை அப்படியே காட்டும் நிலையில், இருக்க வேண்டும். ரெய்டு மோடில் இருந்தால் டிஸ்க்கை ஜெட்எஃப்எஸ் நேராகப் பார்க்க முடியாது. மலிவான பத்து போர்ட், இருபது போர்ட் கார்டுகளில் ஒரே சிப்பைப் போர்ட் மல்டிபிளையர் வைத்துப் பங்கு போட்டிருப்பார்கள். எல்லா டிஸ்க்கும் சேர்ந்து ஓடும்போது அது திணறி, டிஸ்க்குகள் காணாமல் போகும்.

எல்எஸ்ஐ கார்டுக்கு வாங்கும் கேபிளில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு முனையில் அகலமான எஸ்எஃப்எஃப்-8087, மறுமுனையில் நான்கு சாட்டா. இதில் ஃபார்வர்டு, ரிவர்ஸ் என்று இரண்டு வகை. பார்க்க அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். கார்டிலிருந்து டிஸ்க்குக்குப் போக ஃபார்வர்டு வேண்டும். ரிவர்ஸ் வாங்கிவிட்டால் ஒரு டிஸ்க்கும் தெரியாது, கார்டு செத்துவிட்டது என்றே தோன்றும்.

மோலெக்ஸிலிருந்து சாட்டா பவர் எடுக்கும் மாற்றிகளில், கனெக்டரை ஒரே வார்ப்பாக உருக்கி ஊற்றியவற்றைத் தொடாதீர்கள். உள்ளே கம்பிகள் நகர்ந்து ஒட்டிக்கொண்டு தீப்பிடித்தது உண்டு. கம்பி ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கவ்வியிருப்பது பின்பக்கம் தெரியும் வகையே பாதுகாப்பு.

எந்த 10ஜி கார்டு?

பழைய சந்தையில் இரண்டு பெயர்கள் போதும்: மெல்லனாக்ஸ் கனெக்ட்எக்ஸ்-3, இன்டெல் எக்ஸ்520. இரண்டும் எஸ்எஃப்பி பிளஸ் கூடு (கேபிளோ மாட்யூலோ செருகும் வாய்) உள்ளவை.

கனெக்ட்எக்ஸ்-3இன் ஒரு போர்ட் 10ஜி வகை பிசிஐஇ 3.0 எக்ஸ்4, லினக்ஸ் கெர்னலிலேயே டிரைவர் இருக்கிறது. எக்ஸ்520 பிசிஐஇ 2.0 எக்ஸ்8, நான்கு லேன் மட்டும் உள்ள ஸ்லாட்டில் போட்டாலும் நொடிக்கு 2 ஜிபி வரை போகும் என்பதால் ஒரு போர்ட்டுக்குக் குறையில்லை, ஆனால் ஸ்லாட் கார்டை உள்ளே விடும் நீளத்தில் இருக்க வேண்டும். எக்ஸ்520இல் ஆப்டிகல் மாட்யூலுக்கு (ஃபைபர் கேபிளை இணைக்கும் துண்டு) பூட்டு உண்டு: இன்டெல் முத்திரை இல்லாததை மறுத்துவிடும். லினக்ஸில் டிரைவருக்கு ஓர் அமைப்பைக் கொடுத்து அதைத் தளர்த்தலாம். செம்பு டிஏசி கேபிளுக்கு இந்தப் பூட்டு கிடையாது. விண்டோஸ் கம்ப்யூட்டரில் போடுவதானால், உங்கள் பதிப்புக்கு டிரைவர் இருப்பதைப் பார்த்துவிட்டே காசைக் கொடுங்கள்.

வாங்கும்போது நடக்கும் தவறுகள் இவை. கனெக்ட்எக்ஸ்-2 இன்னும் மலிவாகக் கிடைக்கும், வயதாகிவிட்டது, வேண்டாம். எச்பி கார்டுப் பெயரில் எஃப்எல்ஆர் என்று வந்தால் அது அவர்கள் சர்வரில் மட்டும் செருகும் வடிவம், சாதாரண ஸ்லாட்டில் ஏறாது. டெல் சர்வர்களின் மெஸ்ஸனைன் கார்டும் அப்படித்தான். கார்டோடு வரும் தகட்டைப் பாருங்கள். குட்டைத் தகடு உள்ள கார்டை முழு உயரப் பெட்டியில் திருகிட முடியாது. எக்ஸ்1 ஸ்லாட்டில் 10ஜி எடுக்க முயல வேண்டாம்: எக்ஸ்520 போன்ற பிசிஐஇ 2.0 கார்டுக்கு அங்கே 500 எம்பிதான் உச்சம்.

ஆங்கில வழிகாட்டிகள் பலவும் அலிஎக்ஸ்பிரஸைக் காட்டும். இந்தியாவில் அது 2020 நவம்பரிலிருந்து தடை. இங்கே வாங்குபவர்களுக்கு உள்ளூர் பழைய சர்வர் உதிரி விற்பவர்களே வழி. சோதித்துத் தருகிறார்களா, ஒரு வாரமாவது மாற்றித் தருவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எஸ்எஃப்பி பிளஸா, வழக்கமான நெட்வொர்க் கேபிள் முனையான ஆர்ஜே45ஆ?

சர்வரும் கம்ப்யூட்டரும் ஒரே அறையில் என்றால் டிஏசி: இரண்டு முனையிலும் உலோகத் தலை பொருத்தியே வரும் தடித்த கேபிள். 1 முதல் 3 மீட்டர் வரை வாங்குங்கள். மின்சாரம் இழுப்பதில்லை, சூடாவதில்லை, அமைக்க எதுவும் இல்லை.

வேறு அறை என்றால் ஃபைபர். ஓஎம்3 மல்டிமோட் கேபிளும் இரண்டு எஸ்ஆர் மாட்யூலும் போட்டால் 300 மீட்டர் போகும். வீட்டுக்கு அது ரொம்ப அதிகம். மாட்யூலில் இருப்பது எல்சி முனை. பிராட்பேண்ட்காரர்கள் வீட்டுக்குள் விட்டிருக்கும் பச்சை முனைக் கேபிள் எஸ்சி-ஏபிசி வகை, அது சிங்கிள்மோட். இரண்டையும் கலக்க முடியாது. ஃபைபரில் மின்சாரம் பாயாது என்பதால் இடி, எர்த் தொல்லை சர்வருக்குத் தாவாது. கான்டியூட்டில் இழுக்கும்போது இரட்டை எல்சியின் கிளிப்பைக் கழற்றி, ஒரு முனையை மற்றதைவிட நான்கு விரல் பின்னால் தள்ளி டேப் சுற்றினால் வளைவுகளில் சிக்காது. எதிர்முனையில் ஒளி போகவில்லை என்றால் அனேகமாக ஒரு பக்கம் இரண்டு இழைகளையும் இடம் மாற்றிச் செருக வேண்டியிருக்கும்.

சுவருக்குள் ஏற்கெனவே கேட்6 நெட்வொர்க் கேபிள் ஓடுகிறது, உடைக்க மனமில்லை என்றால் ஆர்ஜே45 போகலாம். கேட்6 55 மீட்டர் வரை, கேட்6ஏ 100 மீட்டர் வரை 10ஜி தாங்கும். விலை என்ன என்றால் சூடு. எஸ்எஃப்பி கூட்டில் செருகும் ஆர்ஜே45 மாட்யூல் 2.5 முதல் 3 வாட் எடுக்கும். கையில் பிடிக்க முடியாத அளவுக்குக் காயும். பெரும்பாலானவை 30 மீட்டருக்கு மேல் உத்தரவாதம் தராது.

கேபிள் சுருள் புதிதாக வாங்குபவர்கள் ஒரு கம்பியின் முனையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். கேட்6 என்று அச்சடித்திருந்தாலும் 10ஜிக்கு உதவாது, முறுக்கினாலும் ஒடியும்.

ஸ்விட்ச் வாங்காமல் முடியுமா?

முடியும், பலருக்கு அதுதான் சரி. பழைய ஜிகாபிட் இணைப்பை இரண்டு பக்கமும் அப்படியே ரவுட்டரில் விட்டுவிடுங்கள். இன்டர்நெட் அதில் ஓடும். 10ஜி கார்டுகளை டிஏசி வைத்து நேராக இணையுங்கள். சர்வருக்கு 10.10.10.1, கம்ப்யூட்டருக்கு 10.10.10.2, சப்நெட் 255.255.255.0. கேட்வே, டிஎன்எஸ் இரண்டையும் காலியாக விடுங்கள். ஷேரை (சர்வரில் பகிர்ந்திருக்கும் ஃபோல்டரை) சர்வரின் பெயரால் திறக்காமல் 10.10.10.1 என்ற எண்ணால் திறக்க வேண்டும். பெயரைக் கொடுத்தால் பழைய ஜிகாபிட் வழியே போய்விடக்கூடும்.

இரண்டு சிக்கல் எழும். ரவுட்டர் தரும் 192.168.1 வரிசையிலேயே 10ஜி கார்டுக்கும் எண் கொடுத்தால், எந்த வழியாகப் போவது என்று இயங்குதளம் தன்னிஷ்டப்படி முடிவெடுக்கும். வரிசை கட்டாயம் வேறாக இருக்க வேண்டும். அடுத்தது, கேட்வே இல்லாத இணைப்பை விண்டோஸ் ‘அடையாளம் தெரியாத நெட்வொர்க்’ என்று பப்ளிக் பட்டியலில் தள்ளிவிடும். அதனால் சர்வரிலிருந்து இந்தக் கம்ப்யூட்டருக்கு வரும் சோதனைகளை ஃபயர்வால் தடுக்கும். பிங் போகாததைப் பார்த்துக் கேபிளைக் குறை சொல்வார்கள். அந்த இணைப்பைப் பிரைவேட் என்று மாற்றினால் சரியாகிவிடும்.

மூன்றாவது கம்ப்யூட்டர் வந்தால் சர்வரில் இரண்டு போர்ட் உள்ள எக்ஸ்520-டிஏ2 போட்டு, இரண்டாம் போர்ட்டுக்கு 10.10.20 வரிசை கொடுங்கள். நான்காவது வரும்போது ஸ்விட்ச் யோசிக்கலாம். மைக்ரோடிக் சிஆர்எஸ்305 நான்கு எஸ்எஃப்பி பிளஸ் போர்ட் உள்ளது, விசிறி இல்லாததால் சத்தமும் இல்லை.

எல்லாம் போட்டாச்சு, வேகம் வரவில்லை. எங்கே தேடுவது?

மூன்றைத் தனித்தனியாக அளக்க வேண்டும்: வயர், டிஸ்க், ஷேர். மூன்றையும் சேர்த்து அளந்தால் எதுவும் புரியாது.

முதலில் ஐபெர்ஃப்3. டிஸ்க்கைத் தொடாமல் வயரை மட்டும் அளக்கும். 9.4 ஜிகாபிட் வந்தால் நெட்வொர்க் வேலை முடிந்தது. 940 மெகாபிட் என்று வந்தால் கார்டில் கோளாறு இல்லை, பழைய வழியாகப் போகிறது, எண்களைப் பாருங்கள். மூன்று, நான்கு ஜிகாபிட்டில் நின்றால் ஸ்லாட்டைச் சந்தேகப்படுங்கள். லினக்ஸில் பிசிஐஇ பட்டியலில் லிங்க் நிலை என்ற வரி எத்தனை லேன் கிடைத்திருக்கிறது என்று சொல்லும். பார்க்க எக்ஸ்16 நீளம் இருந்தாலும் உள்ளே நான்கோ ஒன்றோ மட்டும் இணைத்த ஸ்லாட்டுகள் நிறைய.

அடுத்து டிஸ்க். சர்வரிலேயே எஃப்ஐஓ என்ற டிஸ்க் வேகச் சோதனையை ஓட்டுங்கள். சோதனை ஃபைல் மெமரியைவிடப் பெரிதாக இருக்கட்டும். வெறும் பூஜ்ஜியங்களை எழுதி அளந்தால் எல்ஜெட்4 அதை ஒன்றுமில்லாமல் சுருக்கிவிடும். நான்கு ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 3 ஜிபி எழுதியதாகக் காட்டி மகிழ்விக்கும்.

மூன்றாவது, காப்பி செய்யும்போது தெரியும் அந்த வரைபடம். முதல் சில நொடி 1 ஜிபிக்கு மேல் எகிறி, பின் சரிந்து 450இல் படுத்துக்கொள்ளும். இது பழுதில்லை. வரும் தரவை ஜெட்எஃப்எஸ் முதலில் மெமரியில் வாங்கிச் சில நொடிக்கு ஒருமுறை டிஸ்க்கில் இறக்கும். அந்தத் தேக்கத்தின் வழக்கமான எல்லை மெமரியில் 10 சதவீதம், அதிகபட்சம் 4 ஜிபி. 16 ஜிபி மெமரியில் 1.6 ஜிபி என்பது இரண்டு மூன்று நொடிக்குள் நிரம்பிவிடும். பிறகு டிஸ்க்கின் வேகம்தான். அதே சரிவு கம்ப்யூட்டர் பக்கத்திலும் நடக்கும்: மலிவான க்யூஎல்சி வகை எஸ்எஸ்டி, எஸ்எல்சி என்னும் அதன் வேகமான சிறு தேக்கம் தீர்ந்ததும் ஹார்ட் டிஸ்க்கைவிடக் கீழே விழும்.

40,000 போட்டோ உள்ள ஃபோல்டரை நகர்த்தினால் 10ஜியும் நத்தைதான். ஒவ்வொரு ஃபைலையும் திறக்க, எழுத, மூட என்று போகும் பேச்சுவார்த்தைக்கே நேரம் போகிறது.

ஜம்போ ஃபிரேம் போட வேண்டுமா?

கடைசியில், தேவைப்பட்டால். எம்டியூவை, அதாவது ஒரே தடவையில் அனுப்பும் பொட்டலத்தின் அளவை, 9000 பைட்டாக வைத்தால் (அதுதான் ஜம்போ ஃபிரேம்) 9.4 ஜிகாபிட் என்பது 9.9 ஆகும், அவ்வளவுதான். நேரடி இணைப்பில் இரண்டு பக்கமும் மாற்றிவிட்டு, துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 8972 பைட் பிங் போகிறதா பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் ஷேர் திறக்கும், ஃபோல்டர் தெரியும், காப்பி மட்டும் தொங்கும்.

மெமரி எவ்வளவு? எஸ்எஸ்டி கேஷ்?

16 ஜிபி போதும். டிபிக்கு 1 ஜிபி என்ற பழைய கணக்கு வீட்டுக்குப் பொருந்தாது. பிழையைத் தானே திருத்தும் ஈசிசி மெமரி கிடைத்தால் நல்லது, அதற்காகத் திட்டத்தை நிறுத்த வேண்டாம். கேஷாக (அடிக்கடி எடுப்பதை வைக்கும் இடைத் தேக்கமாக) எஸ்எஸ்டி வாங்கும் காசுக்கு ஒரு எஸ்எஸ்டியைத் தனிப் பூலாக (தனிச் சேமிப்பிடமாக) வைத்து, நடப்பு வேலையை அதில் எடிட் செய்து, முடிந்ததை ஹார்ட் டிஸ்க் பூலுக்குத் தள்ளுவது பலமடங்கு பயன்.

கரண்ட் போனால்?

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்காதீர்கள். பவர் சப்ளை தன் கையிருப்பில் முழுச் சுமையில் சுமார் 16 மில்லிநொடிதான் தாங்கும். இன்வெர்ட்டர் யுபிஎஸ் மோடில் இருந்தால் மாறும் நேரம் அதற்குள் அடங்கலாம். இக்கோ மோடில் இருந்தால் சர்வர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். பின்பக்க ஸ்விட்ச் எதில் இருக்கிறது என்று பாருங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் வேண்டவே வேண்டாம். சர்வருக்கென்று ஒரு சின்ன யுபிஎஸ் வையுங்கள், முடிந்தால் யுஎஸ்பி போர்ட் உள்ளது. நட் என்ற மென்பொருள் அதைப் பார்த்து, பேட்டரி தீரும் முன் சர்வரை முறையாக நிறுத்தும்.

யுஎஸ்பி இல்லாத யுபிஎஸ்ஸா? பழைய ரவுட்டர் ஒன்றை இன்வெர்ட்டர் இல்லாத பாயிண்டில் செருகி, அதிலிருந்து ஒரு கேபிளை நெட்வொர்க்கில் விட்டு, அதற்கு நிலையான எண் கொடுங்கள். நெட்வொர்க்கின் பிரதான ரவுட்டரும் சர்வரும் யுபிஎஸ்ஸில் இருக்கட்டும். சர்வர் நிமிடத்துக்கு ஒருமுறை பழைய ரவுட்டருக்குப் பிங் அனுப்பட்டும். தொடர்ந்து ஐந்து முறை பதில் இல்லை என்றால் கரண்ட் இல்லை என்று எடுத்துக்கொண்டு தன்னை நிறுத்திக்கொள்ளட்டும்.

நாள் முழுக்க 40 வாட் எடுக்கும் சர்வர் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாத பில்லில் 58 யூனிட், அதுவும் உங்கள் வீடு தொடும் மேல் ஸ்லாபின் விலையில். வாரத்தில் மூன்று நாள்தான் வேலை என்றால் நிறுத்தி வைத்து, வேக்-ஆன்-லேன் (நெட்வொர்க் வழியே இயக்கும் வசதி) மூலம் எழுப்புங்கள். எழுப்ப மதர்போர்டின் ஜிகாபிட் போர்ட்டையே பயன்படுத்துங்கள். பழைய 10ஜி கார்டுகளை இதில் நம்ப முடியாது.

பரணில் வைக்கலாமா?

வேண்டாம். மே மாதம் பரண், அறையைவிட இன்னும் சூடு. டிஸ்க் 45 டிகிரிக்குள் இருக்கட்டும். டிஸ்க்குகளுக்கு முன்னால் ஒரு 120 மிமீ விசிறி கட்டாயம். எல்எஸ்ஐ கார்டும் 10ஜி கார்டும் சர்வர் பெட்டியின் பலத்த காற்றை நம்பிச் செய்தவை. அமைதியான டவரில் அவற்றின் ஹீட்சிங்க் மேல் ஒரு 40 மிமீ விசிறியைக் கேபிள் டையால் கட்டிவிடுங்கள்.

ரெய்டு இருக்கிறதே, பேக்கப் எதற்கு?

தவறுதலாக அழித்த ஃபோல்டரை ரெய்டு நான்கு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் சிரத்தையாக அழிக்கும். மணிக்கு ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையை அப்படியே உறையவைக்கும் ஜெட்எஃப்எஸ் பதிவு) அதிலிருந்து காப்பாற்றும். ரான்சம்வேர் கம்ப்யூட்டரில் புகுந்தாலும், ஷேர் வழியாக ஸ்னாப்ஷாட்டைத் தொட முடியாது. திருட்டு, மின்னல், பவர் சப்ளை எரிந்து எல்லா டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போவது, இவற்றுக்குத் தனி டிஸ்க்தான் பதில். பெரிய யுஎஸ்பி டிஸ்க் இரண்டு வாங்கி, மாறி மாறி வாரம் ஒருமுறை எழுதி, ஒன்றை எப்போதும் வேறு வீட்டில் வையுங்கள். இதற்கு எஸ்எம்ஆர் டிஸ்க் போதும்.

லேப்டாப்பை இதில் சேர்க்க முடியுமா?

வைஃபை வழியாக வரும் லேப்டாப்புக்கு இந்த 10ஜியால் ஒரு லாபமும் இல்லை. யுஎஸ்பி-சி 2.5ஜி அடாப்டர் வாங்குங்கள், மறுமுனையில் 2.5ஜி போர்ட் இருந்தால் நொடிக்கு 280 எம்பி கிடைக்கும். ஆனால் அதன் கேபிளை சர்வரின் பழைய 10ஜி கார்டில் ஆர்ஜே45 மாட்யூல் போட்டுச் செருகினால் லிங்க் வராமல் போகலாம்: கனெக்ட்எக்ஸ்-3, எக்ஸ்520 இரண்டுக்கும் 2.5ஜி வேகம் தெரியாது. 2.5ஜி போர்ட்டுகளோடு இரண்டு எஸ்எஃப்பி பிளஸ் கூடும் உள்ள சிறு ஸ்விட்ச் ஒன்று அந்த இடத்தில் நடுவே வர வேண்டியிருக்கும்.